சுவரொட்டிக்கு வெளியே இருக்கும் கைகள்

அரசு மருத்துவமனை வார்டுகளில் வாஷ்பேசினுக்கு மேலே ஒட்டியிருக்கும் கைகழுவும் சுவரொட்டியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதில் அதிகம் பரவியது 'கைச் சுத்தத்துக்கான எனது ஐந்து தருணங்கள்' என்ற படம். ஜெனீவாவின் மருத்துவ ஆய்வாளர்கள் முன்னின்று வகுத்து 2007இல் வெளியிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் 2009ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் வழியாக உலகமெங்கும் சுவர் ஏறியது. இதை ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்க விரும்புகிறேன். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. பெண்களின் உழைப்பு எங்கே எப்படி எழுதப்படுகிறது, எங்கே எழுதாமல் விடப்படுகிறது என்று தேடுவதுதான் என் வேலை. அதற்குச் சில சமயம் நாவலைவிட அரசாங்கச் சுவர் அதிகம் பயன்படுகிறது.

படத்தில் இரண்டே பேர்தான். ஒரு நோயாளி, பக்கத்தில் ஒரு பணியாளர். நோயாளியைச் சுற்றி ஒரு புள்ளிக்கோடு. அதற்குள் இருப்பது நோயாளியின் எல்லை. நோயாளியைத் தொடும் முன்பு, ஊசி ஏற்றுவது, காயத்துக்குக் கட்டுப் போடுவது போன்ற வேலைக்கு முன்பு, ரத்தமோ சிறுநீரோ பட்டிருக்கக்கூடிய வேலைக்குப் பின்பு, நோயாளியைத் தொட்ட பின்பு, அவரைத் தொடாமல் கட்டிலையோ மேசையையோ மட்டும் தொட்டிருந்தாலும் அதற்குப் பின்பு என ஐந்து தருணங்கள். அறிவியலில் குறை சொல்ல எதுவுமில்லை. ஒருவர் உடம்பிலிருந்து இன்னொருவர் உடம்புக்குக் கிருமி போகும் பிரதான வழி அவர்களைக் கவனிப்பவரின் கைதான். அந்த வழியை எங்கெங்கே மறிக்க வேண்டும் என்பதை இதைவிட எளிமையாகச் சொல்ல முடியாது.

ஆனால் அந்தப் புள்ளிக்கோடு ஒருவருக்கு ஒரு கட்டில் உண்டு என்று நம்புகிறது. கட்டிலுக்கு இரண்டு பேர் படுத்திருக்கும் பிரசவ வார்டில், கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே பாய் விரித்த வார்டில், கோட்டை எங்கே போடுவது? தலைப்பிலுள்ள 'எனது' என்ற சொல்லும் எனக்கு இடறுகிறது. தன்மை ஒருமை. கை என்னுடையது, தருணம் என்னுடையது, ஆகவே பொறுப்பும் என்னுடையது. குழாய் யாருடையது என்று சுவரொட்டி சொல்வதில்லை.

இந்தச் சுவரொட்டிக்குப் பின்னால் ஒரு மூதாதைக் கதை உண்டு. மருத்துவ, செவிலிய வகுப்புகளில் தவறாமல் சொல்லப்படுவது. வியன்னா பொது மருத்துவமனை, 1847. இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற இளம் மருத்துவர். அங்கே இலவசப் பிரசவப் பிரிவுகள் இரண்டு இருந்தன. முதலாவதில் மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள். இரண்டாவதில் மருத்துவச்சிகளும் அவர்களிடம் பயின்ற பெண்களும். 1846இல் முதல் பிரிவில் நூற்றுக்குப் பதினொரு தாய்மாருக்கு மேல் இறந்தார்கள். இரண்டாவதில் மூன்று பேருக்கும் குறைவு. பிணப் பரிசோதனை செய்யும்போது கத்திக் காயம்பட்ட நண்பர் கொலெட்ச்கா பிரசவக் காய்ச்சல் போன்ற ஒன்றிலேயே இறந்துபோக, செம்மல்வைஸுக்குக் காரணம் பிடிபட்டது. பிண அறையிலிருந்து நேராகப் பிரசவ அறைக்கு வந்த ஆண்களின் கைகள்தான் அது. குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கைகழுவ வைத்தார். ஏப்ரல் 1847இல் 18.3 சதவீதமாக இருந்த சாவு, ஜூன் மாதம் 2.2 ஆனது.

கதை வழக்கமாக இங்கிருந்து, யாரும் நம்பாத தனி மேதையின் துயரத்துக்குப் போய்விடும். அவருடைய துயரம் உண்மைதான். 1865இல் மனநோய் விடுதியில்தான் இறந்தார். ஆனால் அவருக்கு முன்பே வியன்னாவில் இது யாருக்குத் தெரிந்திருந்தது? இரண்டு பிரிவுகளும் முறைவைத்து நாள் மாற்றி நாள் அனுமதித்தன. தப்பான நாளில் வலி கண்டுவிட்ட பெண்கள் முதல் பிரிவுக்கு அனுப்பாதீர்கள் என்று மண்டியிட்டுக் கெஞ்சியதை செம்மல்வைஸே தன் நூலில் எழுதியிருக்கிறார். தெருவிலேயே பெற்றுக்கொண்டு வந்தவர்களுக்குக் காய்ச்சல் குறைவாக வந்ததையும் எழுதியிருக்கிறார். ஏழைகள், பலர் மணமாகாதவர்கள். இலவசப் பிரசவத்துக்கு விலையாகத் தங்கள் உடம்பை மாணவர்களின் பாடப்புத்தகமாகக் கொடுத்தவர்கள். எந்தக் கை கொல்லும், எந்தக் கை கொல்லாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஏன் என்பது மட்டும்தான் தெரியாது. இன்னொன்று, மருத்துவச்சிகளின் பிரிவு பக்கத்தில் இல்லையென்றால் ஒப்பிட்டுப் பார்க்கவே வழியில்லை. அந்த மருத்துவச்சிகளில் ஒருவர் பெயரும் இந்தக் கதையில் வருவதில்லை.

எனக்கு ஆச்சரியம் தருவது இந்தக் கதை காலனி நாடுகளுக்குக் கப்பலேறி வந்தபோது தலைகீழாகிப் போனதுதான். வியன்னாவில் நிரூபணமானது ஆண் மருத்துவரின் கையிலிருந்த அழுக்கு. இந்தியாவில் குற்றவாளிக் கூண்டில் ஏறியது மருத்துவச்சியின் கை. வைஸ்ராய் கர்சனின் மனைவி 1903இல் தொடங்கிய விக்டோரியா நினைவு நிதியின் நோக்கம், பாரம்பரியப் பிரசவம் பார்க்கும் பெண்களைப் பயிற்றுவிப்பது. 1927இல் காதரின் மேயோ எழுதிய 'மதர் இந்தியா'வில் மருத்துவச்சி அழுக்கின் உருவமாகவே வருகிறாள். அவளுடைய முறைகளில் ஆபத்து இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அவள் யார்? தமிழ்ப் பகுதிகளில் பெரும்பாலும் நாவிதர் சமூகத்துப் பெண். மற்ற பல இடங்களில் தலித் பெண். பிரசவ ரத்தம் தீட்டு என்பதால்தான் அந்த வேலை அவளுக்கு ஒதுக்கப்பட்டது. தீட்டைத் தொடும் வேலையை அவள் தலையில் கட்டியவர்களும் அவள் கை அழுக்கு என்று சொன்னவர்களும் ஒருவரோடொருவர் சண்டை போட்டுக்கொண்டார்கள். மேயோவுக்கு நம் தேசியவாதிகள் எழுதிய மறுப்புகளுக்குக் கணக்கில்லை. அவளிடம் கருத்துக் கேட்டவர்கள் அந்தச் சண்டையின் எந்தப் பக்கத்திலும் தென்படவில்லை.

இன்றைய ஆய்வுகள் மேயோ போல எழுதுவதில்லை. அவற்றுக்கென்று ஒரு சொல் இருக்கிறது, கம்ப்ளையன்ஸ். நெறிமுறைக்குக் கீழ்ப்படிதல் என்று தமிழாக்கலாம். கைகழுவ வேண்டிய தருணங்கள் எத்தனை, அதில் எத்தனை முறை கழுவினார்கள் என்பதை ஒருவர் படிவத்தோடு நின்று எண்ணி, சதவீதம் போடுவார். ஜெனீவாவில் நடந்து 1999இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வில் கிடைத்த எண் 48 சதவீதம். பணமும் தண்ணீரும் சோப்பும் குறைவில்லாத ஊரில்! மருத்துவர்கள் செவிலியரைவிடக் குறைவாகவே கழுவினார்கள் என்பதும், ஒரு மணி நேரத்தில் கழுவ வேண்டிய தருணங்கள் கூடக் கூட கழுவும் விகிதம் இறங்கியது என்பதும் அதே ஆய்வில் இருக்கின்றன. ஆக, கீழ்ப்படியாமை என்று எண்ணப்படுவதில் ஒரு பெரும்பங்கு வேலைப் பளு. இதை மாணவிகளிடம் சொல்லும்போது நான் இன்னொரு கணக்கையும் சேர்த்துச் சொல்வேன். 1997இல் இரண்டு ஐரோப்பிய மருத்துவர்கள், பன்னிரண்டு பேர் வேலை பார்க்கும் ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவில் எல்லோரும் விதிப்படி சோப்புப் போட்டுக் கழுவினால் எவ்வளவு நேரம் போகும் என்று கணக்கிட்டார்கள். ஒரு பகல் ஷிப்டுக்குப் பதினாறு மணி நேரம். அதாவது இரண்டு செவிலியர் வேறு எதுவுமே செய்யாமல் நாள் முழுக்கக் கைகழுவிக்கொண்டு நிற்க வேண்டும். ஆல்கஹால் கரைசல் தேய்த்தால் அது மூன்று மணி நேரமாகக் குறையும். நேரம் என்பது இங்கே பெண்களின் நேரம். உலகச் சுகாதாரப் பணியாளர்களில் நூற்றுக்கு எழுபது பேர் பெண்கள், உயர் பொறுப்புகளில் நூற்றுக்கு இருபத்தைந்து பேர்தான் பெண்கள் என்று உலக சுகாதார நிறுவனமே 2019இல் சொன்னது. கழுவும் இடத்தில் எழுபது, குழாய் போட உத்தரவிடும் இடத்தில் இருபத்தைந்து.

சில ஆண்டுகளுக்கு முன் இடுப்பெலும்பு முறிந்த அம்மாவோடு ஓர் அரசு மருத்துவமனையின் பெண்கள் வார்டில் பதினோரு நாள் இருந்தேன். கட்டில்கள் முப்பத்துநான்கு, நோயாளிகள் ஐம்பதுக்கு மேல். இரவில் ஒரே ஒரு ஸ்டாஃப் நர்ஸ். வாஷ்பேசின் வார்டின் ஒரு கோடியில் இருந்தது. குழாயில் தண்ணீர் காலையும் மாலையும் இரண்டு மணி நேரம். மற்ற நேரத்துக்கு ஒரு நீல டிரம், ஒரு மக். சானிடைசர் பாட்டில்கள் இருந்தன, ஆனால் நர்ஸ் மேசையின் பூட்டிய டிராயருக்குள். வெளியே வைத்தால் காணாமல் போகும், போனால் ஸ்டாக் கணக்கில் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். டிரெஸ்ஸிங் செய்ய வரும்போது, "அக்கா, கொஞ்சம் தண்ணி மொண்டு ஊத்துங்க" என்பார். நான் ஊற்றுவேன், அவர் சோப்புப் போட்டுத் தேய்ப்பார். அவர் விரல் இடுக்குகளில் தோல் வெடித்திருந்தது. இவ்வளவுக்கும் நடுவில் அவர் கழுவினார் என்பதுதான் எனக்கு வியப்பு. ஐம்பது பேர், ஒருவருக்கு ஒரு இரவில் நான்கே தருணங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தருணத்துக்கு ஒரு நிமிடம் என்றால் மூன்று மணி இருபது நிமிடம், வாஷ்பேசின் வரை நடந்து வருவதைச் சேர்க்காமல்.

ஆனால் அந்த வார்டில் நோயாளிகளின் உடம்பை அதிகம் தொட்டது அவருடைய கை இல்லை. பெட்பேன் வைத்தது, துணி மாற்றியது, சிந்தியதைத் துடைத்தது, டீ வாங்கி வந்தது எல்லாம் ஆயாம்மா. ஒப்பந்த நிறுவனத்தின் ஆள். ஒரு ஜோடி கையுறையை நாள் முழுக்கப் போட்டு, சாயங்காலம் கழுவி ஜன்னல் கம்பியில் காயவைப்பார். ஒவ்வொரு முறையும் ஐம்பது ரூபாய் கேட்பார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவரைப் புனிதராக்க எனக்கு விருப்பமில்லை. ஆயாம்மா இல்லாத நேரங்களில் அந்த வேலைகளைச் செய்தது கூட இருந்த பெண்கள்: மகள்கள், மருமகள்கள், தங்கைகள். நாங்கள் ஒருவருக்கொருவர் உதவினோம். என் அம்மாவைப் புரட்டிப் போட்ட கையோடு பக்கத்துக் கட்டில் பாட்டிக்கும் பிடித்துவிட்டேன். பதினோரு நாளில் எங்களிடம் கைகழுவச் சொன்னவர் ஒருவரும் இல்லை.

திரும்பவும் படிவத்துக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனத்தின் கண்காணிப்புப் படிவத்தில் பணியாளர்களை வகைப்படுத்தக் குறியீடுகள் உண்டு. செவிலியர், உதவியாளர், மருத்துவர், மற்ற சுகாதாரப் பணியாளர். துப்புரவுப் பணியாளருக்கென்று ஒரு வகை கிடையாது. கூட இருப்பவர்களுக்கும் கிடையாது. சுவரொட்டியில் இரண்டே பேர் இருப்பது வெறும் ஓவிய வசதி என்று முதலில் நினைக்கத் தோன்றும். எண்ணும்போதும் அவர்கள் விடுபடுகிறார்கள் என்றால், நம் வார்டுகளின் சதவீதம் எதைச் சொல்கிறது?

கலாச்சாரம் பற்றியும் இந்த ஆய்வுகளில் நிறையப் பேசப்படுகிறது. கைகழுவுதலை இரண்டாகப் பிரிப்பார்கள். கண்ணுக்கு அழுக்குத் தெரிந்தாலோ, அக்குள், தொடையிடுக்கு போன்ற இடங்களைத் தொட்டாலோ தானாகக் கழுவத் தோன்றுவது ஒன்று. நாடி பார்ப்பது போன்ற 'சுத்தமான' தொடுதலுக்குப் பின் நினைவு வைத்துக் கழுவ வேண்டியது மற்றொன்று. முதலாவது பழக்கம் பத்து வயதுக்குள் வீட்டில் படிந்துவிடுகிறதாம். (வீட்டில் என்றால் அம்மாவிடம். எங்கே போனாலும் அம்மாவிடம் வந்து நிற்கிறது!) இந்தப் பிரிவு நமக்குப் புதிதில்லை. எதைத் தொட்டால் கழுவ வேண்டும் என்று நமக்கு ஆயிரம் ஆண்டுகளாகச் சாதி கற்றுக்கொடுத்திருக்கிறது. அது கற்றுக்கொடுத்தது முழுக்கத் தொட்ட பின்பு கழுவுவதைத்தான்; என்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காக. தொடுவதற்கு முன்பு கழுவு, எதிரே இருப்பவர் உடம்புக்கு உன் கையால் தீங்கு வரலாம் என்பது தீட்டின் இலக்கணத்தில் கிடையாது. அம்மாவின் வார்டில் ரவுண்ட்ஸ் வந்த மருத்துவர்கள் கட்டில் கட்டிலாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் வெளியேறும்போது மட்டும் கை நீட்ட, ஒருவர் சானிடைசர் ஊற்றுவார். அந்த நேரத்துக்கு மட்டும் டிராயர் திறக்கும். உலகமெங்கும் 'முன்பு' குறைவாகவும் 'பின்பு' அதிகமாகவும் பதிவாகின்றன என்பது தெரியும். இதைச் சாதியால் மட்டும் விளக்கிவிட முடியாது. ஆனால் வழிகாட்டு நெறிகளில் மதமும் கலாச்சாரமும் பற்றித் தனி அத்தியாயமே இருக்கும்போது, இந்திய மருத்துவமனையில் கைச் சுத்தம் பற்றிப் பேச வருபவர்கள் சாதியைச் சொல்லத் தயங்குவது அலட்சியம் என்றே நினைக்கிறேன்.

இதற்கெல்லாம் ஒரு மறுப்பு எழும், எழ வேண்டும். கிருமிக்குத் தொகுப்பூதியம் தெரியாது. கழுவாத கையால் சீழ் பிடித்துச் சாகும் பெண்ணுக்கு, செவிலியரின் வேலைப் பளு பற்றிய என் கட்டுரையால் என்ன ஆறுதல்? கட்டிலில் கிடப்பவளும் ஏழைப் பெண், பக்கத்தில் நிற்பவளும் குறைந்த கூலிக்காரி. ஒருத்திக்காகப் பேசினால் மற்றவளைக் கைவிட்டது போலாகிவிடும் நிலையில் நம்மை நிறுத்தியிருக்கிறார்கள். இதிலிருந்து தப்பிக்கப் பெண்ணிய வாசிப்பிடம் குறுக்குவழி இல்லை. ஆயாம்மாவின் கையுறை என் அம்மாவுக்கு ஆபத்துதான். அந்த ஆபத்தைச் சிறியதாகக் காட்டுவது இந்தக் கட்டுரையின் நோக்கமில்லை.

ஆனால் வழிகாட்டு நெறிகளையே முழுக்கப் படித்தால், நான் சொல்வதை அவை வேறு மொழியில் சொல்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் திட்டத்துக்கு ஐந்து கூறுகள். முதலாவது ஏற்பாடுகளை மாற்றுவது: தண்ணீர், சோப்பு, கட்டில் பக்கத்திலேயே ஆல்கஹால் கரைசல். பிறகு பயிற்சி, பிறகு கண்காணித்து விவரம் சொல்வது, நான்காவதாகத்தான் நினைவூட்டல்கள், அதாவது சுவரொட்டி, ஐந்தாவது, மேலதிகாரி முதல் எல்லோரும் பாதுகாப்பைப் பொறுப்பாக எடுத்துக்கொள்ளும் சூழல். ஐந்தில் மிக மலிவானது நான்காவது. நம் சுவர்களுக்கு முதலில் வந்து சேர்ந்தது அதுதான். முதலாவது கூறு முடியாத காரியம் இல்லை. எத்தனாலோ ஐசோபுரோபைல் ஆல்கஹாலோ, கொஞ்சம் கிளிசரின், கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடு, கொதிக்கவைத்து ஆறிய நீர் இருந்தால் மருத்துவமனை மருந்தகத்திலேயே கரைசல் தயாரிக்கலாம். மாலி நாட்டின் பமாக்கோவில் உள்ள ஒரு பெரிய மருத்துவமனையில் உள்ளூர்க் கரும்பு ஆல்கஹாலில் அதைச் செய்தார்கள். கைச் சுத்த விகிதம் 8 சதவீதத்திலிருந்து 21.8 ஆனது. வெற்றி என்று எழுதினார்கள். எட்டு இருபத்தொன்றைத் தாண்டியது வெற்றிதான். ஐந்தில் நான்கு தருணங்கள் அப்போதும் தவறிக்கொண்டிருந்தன என்பதும் அதே எண்ணுக்குள்தான் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2022இல் வெளியிட்ட அறிக்கைப்படி, சிகிச்சை தரும் இடத்திலும் கழிப்பறையிலும் கைகழுவும் வசதி இரண்டும் உள்ள மருத்துவ நிலையங்கள் உலகில் பாதிதான். மீதிப் பாதியில் கீழ்ப்படிதலை அளப்பதற்கு முன்னால் அளக்க வேண்டியது வேறு.

அதனால் என் மாணவிகளுக்கு ஒரு யோசனை சொல்கிறேன். மருத்துவமனையில் களப்பணிக்குப் போகும்போது, யார் எத்தனை முறை கைகழுவினார்கள் என்று எண்ணும் படிவத்தோடு இன்னொரு தாளும் எடுத்துப் போங்கள். எந்தக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வந்தது, சோப்பு யார் காசில் வாங்கியது, சானிடைசர் எங்கே இருந்தது, சாவி யாரிடம், இரவில் எத்தனை நோயாளிக்கு எத்தனை செவிலியர், ஆயாம்மாவுக்கு ஒரு நாளைக்கு எத்தனை ஜோடி கையுறை. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக 2015இல் எடுக்கப்பட்ட ஆயிரக்கணக்கான செவிலியர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு உட்கார்ந்தார்கள். பணி நிரந்தரமும் சம்பளமும் கேட்டார்கள். கொரோனா காலத்தில் கைகழுவுங்கள் என்று தொலைபேசி மணிக்குப் பதிலாகவே நமக்குச் சொல்லப்பட்டது. அந்தக் காலத்துக்கென்று எடுக்கப்பட்ட ஒப்பந்தச் செவிலியர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு வேலையிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள். கைச் சுத்தம் பற்றி நான் படித்த ஆய்வுக் கட்டுரை எதிலும் இந்த இரண்டு செய்திகளும் இல்லை. அவை செய்தித்தாளின் வேறு பக்கத்தில், தொழிலாளர் போராட்டம் என்ற தலைப்பின் கீழ் இருந்தன.